இரண்டு டேங்க்கும் ஓர் ஏழு வயதும்

டைவிங் தெரிந்த தம்பதிக்குப் பிள்ளை பிறந்து ஆறேழு வருஷம் கடந்ததும் வீட்டில் அந்தப் பேச்சு மெல்ல எழும். கல்யாணமான புதிதில் அந்தமானின் ஹேவ்லாக்கில் வாங்கிய ஓப்பன் வாட்டர் அட்டை அலமாரியில் தூங்குகிறது. பிள்ளையும் கொஞ்சம் வளர்ந்தாயிற்று. 'இந்த லீவுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனால் என்ன?' உடனே இடங்களின் பட்டியல் விரியும். எங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், எங்கே சுறா வரும், எந்த ரிசார்ட்டில் கிட்ஸ் கிளப் உண்டு? கணக்கு அங்கேயே பிசகிவிடுகிறது என்பது என் கட்சி. டைவ் செய்யாத பிள்ளையோடு போகிறவர்கள் முதலில் அளக்க வேண்டியது, பெற்றோரில் ஒருவர் எத்தனை மணி நேரம் பிள்ளையின் கண்ணுக்கு அப்பால் இருக்கப்போகிறார் என்பதை. ஆழமும் தெளிவும் மீன் வகையும் அதற்குப் பிறகு.

வழக்கமான படகு டைவ் எப்படி நடக்கிறது? காலை ஆறரை, ஏழுக்கு டைவ் கடையில் ஆஜராக வேண்டும். ரெகுலேட்டரையும் டேங்க்கையும் சரிபார்த்து ஏற்றி, படகில் அரை மணியோ ஒரு மணியோ போக வேண்டும். முதல் டைவ் முக்கால் மணி நேரம். மேலே வந்தபின் உடம்பில் ஏறிய நைட்ரஜன் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேர இடைவெளி. பிஸ்கட், தர்பூசணித் துண்டு, அரட்டை. பிறகு இரண்டாவது டைவ். கரை சேரும்போது உச்சி வெயில். தண்ணீருக்கடியில் இருந்தது ஒன்றரை மணி நேரம், கரையில் பிள்ளை காத்திருந்தது ஐந்து மணி நேரம். இன்றைக்கு அப்பா, நாளைக்கு அம்மா என்று முறை வைத்தால் ஒரு நாளைக்கு ஒருவர்தான் போக முடியும். போய்வந்தவர் சாப்பிட்டுப் படுத்தால் மாலை ஐந்துக்குத்தான் எழுந்திருப்பார். ஆக, குடும்பமாகப் போன விடுமுறையில் மூவரும் ஒன்றாக இருப்பது இரவுச் சாப்பாட்டு மேசையில் மட்டும்.

கரையிலிருந்தே பவளப்பாறை தொடங்கும் தீவில் இதே கணக்கு தலைகீழாகும். டைவ் உலகில் இதை ஹவுஸ் ரீஃப் என்பார்கள். உடை மாட்டி, நடந்தே தண்ணீரில் இறங்கி, சுற்றிவந்து, குளித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். ஒன்பது மணிக்கு இறங்கிய அம்மா பத்தரைக்கு வந்துவிடுவாள். பதினொன்றுக்கு அப்பா இறங்கலாம். மதியச் சாப்பாட்டுக்குள் இருவருக்கும் ஆளுக்கொரு டைவ், பிள்ளைக்கோ எப்போதும் ஒருவர் துணை.

இந்தக் கணக்கைத் தட்டிக்கழிக்கச் சில குறுக்கு வழிகள் உண்டு. முதலாவது, பிள்ளையையும் படகில் ஏற்றிக்கொண்டு பெற்றோர் இருவரும் ஒன்றாக இறங்குவது. 'படகுப் பையன் பார்த்துக்கொள்வான்' என்று கடைக்காரர் சொல்வார். படகுப் பையனுக்கு நங்கூரம், டேங்க், மேலே வரும் டைவர்கள் என்று கை நிறைய வேலை. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுக்குள் கழுத்துவரை புதைந்து, டீசல் புகையில் குமட்டிக்கொண்டு, நீர்க்குமிழி எங்கே வருகிறது என்று தேடும் பிள்ளைகளை இந்தப் படகுகளில் பார்க்கலாம். பார்க்கச் சகிக்காது. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. டைவிங்கில் அழுத்த நோய் அபூர்வம்தான், ஆனால் வந்தால் அழுத்த அறைச் சிகிச்சை வேண்டும். சில சமயம் ஹெலிகாப்டரும் வேண்டும். ஒருவருக்கு ஒன்று நேர்ந்தால் மற்றவர் கரையில் தெளிவாக நிற்க வேண்டும். பிள்ளை சின்னதாக இருக்கும்வரை தாயும் தந்தையும் ஒரே நேரத்தில் தண்ணீருக்கடியில் இருக்கக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஜோடியாக இறங்கும் சுகம் போகிறதே என்பவர்களுக்கு, போகத்தான் செய்கிறது. டைவ் வழிகாட்டியைத் துணைக்கு வைத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

கிட்ஸ் கிளப் இரண்டாவது வழி. நல்ல இடங்களில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் கடல் தாண்டிக் கூட்டிவந்த பிள்ளையைக் குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, காகித மீனுக்குக் கலர் அடிக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதை அம்பத்தூரிலேயே செய்யலாம். ஒரு மணி நேர அவசரத்துக்குச் சரி, முழுத் திட்டத்தையும் அதன்மேல் கட்டக்கூடாது.

மூன்றாவது வழி பாட்டி. நம் குடும்பங்களுக்கு இதுதான் இயல்பு, பல சமயம் சிறந்ததும்கூட. ஆனால் பாட்டி ஆயா அல்லர். கூட்டிப்போகிற ஊரில் அவருக்கென்று ஏதாவது இருக்க வேண்டும். இது இடத் தேர்வையே மாற்றும், பின்னால் வருகிறேன்.

மிக ஆபத்தான குறுக்கு வழி, பிள்ளையையே டைவராக்கிவிடுவது. வயது வரம்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: டைவிங் சான்றிதழ் தரும் பாடி (PADI) அமைப்பின் விதிப்படி எட்டு வயதில் 'பபிள்மேக்கர்', அதுவும் இரண்டு மீட்டருக்குள், பத்து வயதில் ஜூனியர் ஓப்பன் வாட்டர். பத்து, பதினோரு வயதுக்காரர் பெற்றோரோடோ பயிற்றுநரோடோ அதிகபட்சம் பன்னிரண்டு மீட்டர் இறங்கலாம். ஏழு வயதுக்கு இதில் இடமே கிடையாது. 'நம்ம பையன் உயரம், தைரியசாலி, எட்டுன்னு போட்டுக்கலாம்' என்று பேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழல் குறுகலானது, படுக்கைவசமானது; சளி பிடித்தால் காது அழுத்தத்தைச் சமன்செய்வது பெரும்பாடு. அதைவிட முக்கியம், டேங்க் காற்றைச் சுவாசித்தபடி இருக்கும் பிள்ளை பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு சட்டென்று மேலே பாய்ந்தால், நீச்சல்குள ஆழத்திலிருந்துகூட நுரையீரலில் காயம் நேரலாம். 'மூச்சை அடக்காதே' என்பது டைவிங்கின் முதல் பாடம். பயந்த ஏழு வயதுக்கு அது ஞாபகம் வருமா? தைரியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இதை மறுத்தால் பிள்ளைக்கு மிஞ்சுவது ஸ்நார்க்கல், அதாவது மேலே மிதந்து பார்ப்பது. டைவர்களுக்கு அதில் ஓர் இளக்காரம் உண்டு. இளக்காரத்துக்கு நியாயமில்லை. தண்ணீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் விழுங்குகிறது. ஐந்து மீட்டருக்குக் கீழேயே சிவப்பு மங்கத் தொடங்கும். இருபத்தைந்தில் டார்ச் அடிக்காவிட்டால் எல்லாம் நீலச் சாம்பல்தான். பவளத்தின் திசுக்களுக்குள் வாழும் பாசிக்கு வெயில் வேண்டும், ஆகவே பவளம் அடர்ந்து வளர்வதும் மேல்மட்டத்தில்தான். கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் 'கரக்' சத்தம் மேலே மிதக்கிறவருக்கே கேட்கும். மாலத்தீவின் பா பவளத்தீவுக்கூட்டத்தில் ஹனிஃபாரு விரிகுடா இருக்கிறது. 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி அது. தென்மேற்குப் பருவத்தில் மிதவையுயிர்களைத் தின்ன மாண்டா திருக்கைகள் கூட்டமாக வரும் அந்த விரிகுடாவில் டேங்க்கோடு இறங்கத் தடை, ஸ்நார்க்கல் மட்டும்தான். அனுபவசாலியான அப்பாவும் ரெண்டாங்கிளாஸ் பிள்ளையும் அங்கே ஒரே வரிசையில்தான் மிதக்க வேண்டும். நீச்சல் தெரிந்து, கலங்கிய பச்சைத் தண்ணீருக்குப் பயப்படாத பிள்ளை என்றால் அப்படியோர் இடம் எந்த டைவையும்விட மேல்.

ஆனால் ஸ்நார்க்கலும் தானாக வந்துவிடாது. இங்கேதான் பெற்றோர் சோம்பிவிடுகிறார்கள். ரிசார்ட்டில் வாடகைக்குத் தரும் மாஸ்க் பெரியவர்களின் முகத்துக்கானது. பிள்ளை முகத்தில் கன்னத்தோரம் தண்ணீர் கசியும், ஐந்து நிமிடத்தில் 'எனக்கு வேணாம்' என்று கரையேறிவிடும். சின்ன சைஸ் சிலிகான் மாஸ்க்கைச் சென்னையிலேயே வாங்குங்கள். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சச் சொல்லி, கையை எடுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் பொருத்தம். புது மாஸ்க்கின் உள்கண்ணாடியில் தயாரிப்பின்போது படியும் மெல்லிய படலம் இருக்கும். வெள்ளைப் பற்பசை தேய்த்துக் கழுவாவிட்டால் எத்தனை முறை துடைத்தாலும் மூடுபனிதான். பிறகு பத்து நாள் நீச்சல்குளத்தில், முகத்தைத் தண்ணீரில் வைத்து வாயால் மூச்சுவிடும் பழக்கம். முகம் முழுக்க மூடும் ஒற்றைக் கண்ணாடி மாஸ்க்கைப் பிள்ளைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். பயந்த நேரத்தில் குழாயைச் சட்டென்று துப்பிவிட்டு மூச்சுவிட அதில் வழியில்லை. முழுக்கைச் சட்டையும் அவசியம். மிதக்கிற பிள்ளைக்கு முதுகுதான் வேகும்.

இனி இடங்கள். சென்னைக்காரர் வாயில் முதலில் வருவது ஹேவ்லாக், இப்போதைய பெயர் சுவராஜ் தீவு. விமானத்தில் போர்ட் பிளேர், அங்கிருந்து ஃபெர்ரி. டைவர்களுக்கு டிக்ஸன்ஸ் பினக்கிள், ஜானீஸ் கார்ஜ் என்று பேர்பெற்ற இடங்கள். ஆழமும் நீரோட்டமும் உள்ளவை, படகில் நெடுந்தொலைவு போக வேண்டியவை. பிள்ளை கரையில்தான். கரையோரப் பவளத்தில், முதல்முறை டேங்க் மாட்டிப் பார்க்க வருகிறவர்களின் நெரிசல். எலிஃபெண்ட் பீச்சில் ஜெட்ஸ்கி இரைச்சல். உப்புநீர் முதலைகளும் உள்ள தீவுகள் இவை. 2010இல் ராதாநகர்ப் பகுதியில் ஸ்நார்க்கல் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண்ணொருத்தி முதலை தாக்கி இறந்தாள். நாள்தோறும் நடப்பதல்ல, என்றாலும் பிள்ளையைத் தண்ணீரில் விடுமுன் உள்ளூர்க்காரரைக் கேட்காமல் விடக்கூடாத ஊர். தீவில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய வைத்தியத்துக்குக் கடல் தாண்ட வேண்டும். பருவமழை வழக்கமாக மே மூன்றாம் வாரத்தில் அந்தமானைத் தொடும், ஆகவே பரீட்சை முடிந்த கையோடு கிளம்பினால் கடல் ஒத்துழைக்கும். ஜூன் என்றால் வேண்டாம்.

அந்தமான்தான் என்று முடிவானால், பக்கத்து நீல் தீவு பிள்ளைக்கு ஏற்றது. பரத்பூர் கரையில் ஆழம் குறைவு. லக்ஷ்மண்பூர்ப் பக்கம் கல்பாலம் இருக்கும் இடத்தில் நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் பாறைக் குழிகளில் கடல் தேங்கி நிற்கும். கடல் அட்டையும், கையளவுச் சிப்பியும், பாறை நிறத்திலேயே ஒளிந்த நண்டும் முழங்கால் தண்ணீரில் கிடக்கும். அதைக் குனிந்து பார்க்க மாஸ்க்கூட வேண்டாம். வற்றுநேர அட்டவணையை மட்டும் முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும், ஏறுநீரில் போனால் வெறும் பாறைதான்.

மாலத்தீவு அமைப்பிலேயே இந்தக் குடும்பத்துக்காகச் செய்தது போன்றது. ஒரு தீவு, ஒரு ரிசார்ட், சுற்றிலும் பவளம். உள்ளே லகூன் பிள்ளைக்கு, விளிம்புக்கு வெளியே பெற்றோருக்கு. ஆனால் எல்லாத் தீவும் ஒன்றல்ல. விளம்பரப் படத்தில் அள்ளும் அகன்ற வெளிர்நீல லகூன் இருந்தால், பவள விளிம்பு கரையிலிருந்து எங்கோ தள்ளி இருக்கிறது என்று பொருள். கரையிலிருந்து விளிம்பு எத்தனை மீட்டர் என்று கேட்டு, ஐம்பது அறுபதுக்குள் இருந்தால் எடுங்கள். தண்ணீர்மேல் கட்டிய வில்லாவை மறந்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே பல ரிசார்ட்டுகள் அனுமதியே தருவதில்லை, தந்தாலும் தூக்கம் வராது. மணல்மேல் உள்ள அறை விலையும் குறைவு. விளிம்பில் மார்பளவுத் தண்ணீர் திடீரென்று கருநீலத்தில் இறங்கும். முதல்முறை அதைப் பார்க்கும் பிள்ளை அலறும். கயிறு கட்டிய மிதவை வளையத்தை அதன் கையில் கொடுத்து, நீங்கள் இழுத்துக்கொண்டு போங்கள். நீரோட்டம் வலுத்த நாளில் விளிம்புப் பக்கமே போகாதீர்கள். 2016இல் வெப்பத்தால் அங்கே பவளம் பெருமளவு வெளுத்துப்போனது, பழைய படங்களை நம்பிப் போனால் ஏமாற்றம் உண்டு. பெரிய குறை காசு. டிசம்பர் லீவில், அந்தக் கடலுக்கு உலர் பருவம் தொடங்கும் அதே வாரங்களில், விலை உச்சத்தில் நிற்கும். உள்ளூர்த் தீவுகளின் விருந்தினர் விடுதிகள் மலிவு, ஆனால் பலவற்றில் மறுபடி படகுக் கணக்குதான். ஹனிஃபாருவுக்குப் பக்கத்திலுள்ள தரவந்தூ மாதிரி சில மட்டும் விதிவிலக்கு.

லட்சத்தீவின் லகூன்கள் பிள்ளைக்குச் சொர்க்கம், அனுமதியும் கப்பல் சீட்டும் பள்ளி லீவும் ஒரே வாரத்தில் சேர்ந்தால். புதுச்சேரி டைவருக்கு மட்டும். கரையில் பிள்ளைக்கு அலைதான் உண்டு.

மிஞ்சுவது திருகோணமலை. டைவர்கள் இதை மட்டமாக எடைபோடுவார்கள், அதில் பாதி நியாயம். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவானது. மிதிபட்ட பவளம், ஞாயிற்றுக்கிழமையும் போயா என்னும் பௌர்ணமி விடுமுறையும் திருவிழாக் கூட்டம், வெளிநாட்டவருக்கு உறைக்கிற கட்டணம். ஹேவ்லாக்கோடும் மாலத்தீவோடும் பவளத்தை ஒப்பிட்டால் இது தோற்கும். ஆனால் நம் அளவுகோல் அது இல்லையே. கரையிலிருந்து தீவுக்குப் படகில் கால் மணி நேரம்கூட ஆகாது. மணலிலிருந்து சில அடியில் பவளம். வார நாளில் முதல் படகில் போனால் இடுப்பளவுத் தண்ணீரில் கறுப்புத் துடுப்பு நுனியுள்ள சின்னச் சுறாக்கள் வட்டமிடும். சீண்டாத வரை ஒன்றும் செய்யாதவை, ஏழு வயதுக்கு ஆயுள்முழுக்கச் சொல்லித் தீராத பெருமை. டைவ் இடங்களும் அருகில்தான், தீவைச் சுற்றியே சில. ஒருவர் அடியில், மற்றவர் பிள்ளையோடு மேலே, ஒரே பவளத்தில்.

பருவமும் பொருந்துகிறது. தென்மேற்குப் பருவம் அந்தமானைக் கலக்கும்போது இலங்கையின் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். மே முதல் செப்டம்பர்வரை அதன் காலம். நம் பள்ளிகளின் கோடை விடுமுறை அதற்குள் விழுகிறது. நிலாவெளி தனித் தீவு இல்லை, சாலை வழி உள்ள ஊர். பதினைந்து கிலோமீட்டருக்குள் திருகோணமலைப் பெரிய ஆஸ்பத்திரி. படகுக்காரரோடு பிள்ளை தமிழில் பேசலாம். 'தண்ணி குடிச்சிட்டேன்' என்று அது கத்தினால் அவருக்குப் புரியும். பாதுகாப்பு என்ற கணக்கில் இதையும் நான் சேர்ப்பேன்.

பாட்டிக்குக் கோணேசர் இருக்கிறார், சுவாமி மலை உச்சியில். அதே மலையின் அடிவாரக் கடலில்தான் 1950களில் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய டைவிங் கூட்டாளி மைக் வில்சனும் மூழ்கி, போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் கற்களைப் பார்த்தார்கள். இன்றைக்கும் அது ஒரு டைவ் இடம். காலைப் பூசைக்குப் பேரனோடு பாட்டி மேலே, அதே கோயிலின் உடைந்த தூண்களைப் பார்த்தபடி மகள் கீழே. இப்படி ஒரு காலைப்பொழுதை எந்தக் கிட்ஸ் கிளப்பும் ஏற்பாடு செய்ய முடியாது.

ஆகவே என் தீர்ப்பு: கடலை மட்டும் வைத்தால் மாலத்தீவின் நல்ல ஹவுஸ் ரீஃப் தீவு முதலிடம், காசு பொருட்டில்லை என்றால் அங்கே போங்கள், மேலே யோசிக்க வேண்டாம். மாதச் சம்பளத்தில், பள்ளி லீவில், பாட்டியோடு போகிற தமிழ்க் குடும்பத்துக்கு மே மாத நிலாவெளி. அந்தமான் என்றால் ஏப்ரல் கடைசியில் நீல். ஹேவ்லாக்கைப் பிள்ளைக்குப் பத்து வயதாகும்வரை தள்ளிப்போடுங்கள். அப்போது அவனும் டேங்க் மாட்டலாம், படகுக் கணக்கே மாறிவிடும். பிள்ளை முகத்தைத் தண்ணீரில் வைக்கவே மறுத்தால் மேற்சொன்ன எதுவும் செல்லாது. முதலில் நீச்சல் வகுப்பு, அடுத்த வருஷம் கடல்.

நாள் வரிசையிலும் ஒரு கண் வேண்டும். தொடர்ந்து பல டைவ் செய்தவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டுதல். கடைசி முழுநாளில் டேங்க் கிடையாது. அந்த நாள் முழுக்கப் பிள்ளைக்கு. இலங்கை போகிறவர்கள் கடலை முடித்துக்கொண்டு அப்படியே நுவரெலியாவுக்கு வண்டியேறிவிடுகிறார்கள். கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம் அது, உடம்புக்கு விமானம் மாதிரியேதான். மலையை முதலிலும் கடலைப் பின்னாலும் வையுங்கள்.

முன்பணம் கட்டுமுன் டைவ் கடைக்கு ஒரே ஒரு கேள்வி எழுதிப் பாருங்கள்: ஒருவர் மட்டும், ஒரே ஒரு டைவ் செய்துவிட்டுத் திரும்ப முடியுமா, எத்தனை மணிக்குக் கரையில் இருப்பார்? மணியைச் சொல்லிப் பதில் வந்தால் அடுத்த கேள்விக்குப் போகலாம். 'கவலைப்படாதீங்க சார், ரெண்டு பேரும் வாங்க, பையனை நாங்க பார்த்துக்கறோம்' என்று வந்தால் வேறு கடை பாருங்கள்.